ஜொகூர்க் காட்டுப் பாலும் கடலடிக் கம்பியும்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்தால் நாம் முதலில் செய்வது விளக்குத் தோரணம் கட்டுவதுதான். ஒரு வயர் போதாவிட்டால் இன்னொரு வயரை முறுக்கிச் சேர்த்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, புல்லிலே கிடக்க விட்டுவிடுகிறோம். அன்றிரவு மழை பெய்தால் வயர் முழுவதும் நனைகிறது. ஆயினும் கோளாறு வருவது வயரின் நடுவிலே அன்று. நாம் முறுக்கிச் சேர்த்த அந்த ஓரிடத்திலேதான். முழு வயருக்கும் உறை போட்டது தொழிற்சாலை. அந்த ஓரிடத்திற்கு உறை போட்டது நம் கை. தண்ணீர் அந்த வேறுபாட்டை உடனே கண்டுபிடித்துவிடும்.

இணைப்பு இல்லாமல் கம்பி இல்லை. எவ்வளவு நீளக் கம்பி செய்தாலும் எங்கேனும் ஓரிடத்தில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். தரைக்கு மேலே என்றால் பழுதைப் பார்த்துத் திருத்திவிடலாம். இரண்டு மைல் ஆழத்துக் கடலடியிலே, உப்பு நீருக்குள்ளே, ஆயிரம் மைலுக்கு மேல் நீண்டு கிடக்கும் கம்பியின் இணைப்புக்குள் தண்ணீர் புகாமல் எப்படிக் காத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், லண்டனுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னே நம் ஜொகூர் மாநிலத்துக் காட்டுக்கு வந்து நிற்போம்.

தண்ணீருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் முயற்சிகளில் மிகப் பழைய ஒன்று இந்தியாவிலே நடந்தது. கல்கத்தாவில் மருத்துவராகவும் வேதியியல் பேராசிரியராகவும் இருந்த ஓஷாக்னஸி என்பவர் 1839ஆம் ஆண்டில் ஹூக்ளி ஆற்றுக்குள்ளே கம்பியைப் போட்டுச் செய்தி அனுப்பிப் பார்த்தார். கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, அதற்கும் மேலே தார் தோய்த்த நூலைச் சுற்றினார். சோதனை வெற்றிதான். ஆனால் கீலும் நூலும் எத்தனை காலம் தாங்கும்? குளிரில் கீல் வெடிக்கும், வெயிலில் உருகும், நூல் அழுகும். வேறொரு பொருள் தேவைப்பட்டது. அந்தப் பொருள் அப்போதே நம் நாட்டு மலாய்க்காரர்களின் கையிலே இருந்தது.

தாபான் என்று மலாய் மொழியில் அழைக்கப்படும் காட்டு மரம் ஒன்று உண்டு. இலையின் மேற்புறம் பச்சையாகவும் கீழ்ப்புறம் பொன்னிறமான செம்பழுப்பாகவும் இருக்கும். அதன் பாலிலிருந்து கிடைப்பதே கெத்தா பெர்ச்சா. கெத்தா என்றால் பால் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் இது நாம் வெட்டிய பால்மரத்துப் பால் அன்று. பால்மரத்துப் பால் உறைந்தால் ரப்பராகும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தாபான் பாலோ உறைந்ததும் மரக்கட்டைபோல் இறுகிவிடும். அதைக் கொதிநீரிலே போட்டால் பிசைந்த மாவைப்போல் இளகும். அப்போது எந்த உருவம் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஆறியதும் அந்த உருவத்திலேயே இறுகும். இரண்டும் வேதியியலில் ஒரே குடும்பம்தான். ஒரே வகை அணுக்கோவைகள் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் வளைந்து நிற்கின்றன, அவ்வளவே வேறுபாடு. அந்தச் சிறு வளைவு உலக வரலாற்றையே எப்படி வளைத்தது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

மலாய்க்காரர்கள் இந்தப் பாலைக்கொண்டு பாராங் கத்திக்குப் பிடி செய்தனர், சாட்டை செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய மான்ட்கோமெரி என்ற மருத்துவரின் கண்ணில் அத்தகைய கத்திப்பிடி ஒன்று பட்டது. கொதிநீரில் இளகி, ஆறினால் இறுகும் அதன் குணத்தைக் கேட்டு வியந்த அவர் 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சிங்கப்பூர் வணிகரான டி அல்மெய்டா என்பவரும் அதே ஆண்டில் லண்டனுக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டினார். இதை அவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று பல நூல்கள் எழுதுகின்றன. கத்திக்குப் பிடி போட்டவன் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டான். இவர்கள் அதை லண்டனுக்குச் சொன்னார்கள் என்பதே நம் கருத்து.

முதலில் அதைக்கொண்டு செருப்படியும் குழாயும் பொம்மையும் செய்தார்கள். 1848ஆம் ஆண்டிலே, மைக்கேல் ஃபாரடே என்ற பேரறிஞர் இந்தப் பொருள் மின்சாரத்தைக் கசிய விடாது என்பதை எழுதி வெளியிட்டார். ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் என்பவர் கம்பியின்மேல் தையல் மூட்டு இல்லாமல் கெத்தா பெர்ச்சாவை அழுத்திப் பூசும் எந்திரம் ஒன்றை 1847ஆம் ஆண்டிலேயே உருவாக்கியிருந்தார். முன்பு இரண்டு பட்டைகளைக் கம்பியின்மேல் மடித்து ஒட்டினார்கள். ஒட்டிய கோட்டின் வழியே ஈரம் புகுந்தது. சீமென்ஸின் எந்திரம் அந்தக் கோட்டையே இல்லாமல் செய்தது.

ஆனால் அவர் மண்ணுக்குள் புதைத்த கம்பிகள் சில ஆண்டுகளிலே கெட்டுப்போயின. ஆழமில்லாமல் புதைத்ததால் எலி கடித்தது. கெத்தா பெர்ச்சாவில் கலந்த கந்தகம் செம்புக் கம்பியோடு சேர்ந்து இருந்த காப்பையும் கெடுத்தது. இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். கெத்தா பெர்ச்சாவுக்குத் தண்ணீர் பகையில்லை. காற்றும் வெயிலுமே பகை. வெளியிலே கிடந்தால் சில ஆண்டுகளில் காய்ந்து, வெடித்து, தூளாகிவிடும். குளிர்ந்த இருண்ட கடலடியிலோ பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். கடலுக்கென்றே படைக்கப்பட்ட பொருள்போல அது அமைந்துவிட்டது.

1850ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, கெத்தா பெர்ச்சா பூசிய ஒற்றைக் கம்பியைக் கடலில் போட்டார்கள். சில செய்திகள் போனதும் அது அறுந்தது. மீனவர் ஒருவரின் வலையில் சிக்கி அறுபட்டதாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டில் மேலே இரும்புக் கம்பிகளைக் கவசமாக முறுக்கிப் போட்டார்கள், அது நிலைத்தது. பிறகு அட்லாண்டிக் மாகடலைத் தாண்டத் துணிந்தார்கள். அதற்கான கம்பியில் ஒவ்வொரு கடல் மைலுக்கும் 107 பவுண்டு செம்பும், அதன்மேல் மூன்று பூச்சாக 261 பவுண்டு கெத்தா பெர்ச்சாவும் இருந்தன. இப்படி இரண்டாயிரம் கடல் மைலுக்கு மேல்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டிலே அந்தக் கம்பி வழியாக விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு வாழ்த்து அனுப்பினார். 98 சொற்கள் போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆயிற்று. மூன்று வாரங்களில் கம்பி ஊமையாகிவிட்டது. வெயிலிலே கிடந்தபோது கெத்தா பெர்ச்சா இளகி, உள்ளே இருந்த செம்பு நடுவிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. காப்பு மெலிந்திருந்த அந்த நிலையில், பொறுப்பாளராக இருந்தவர் மிகையான மின்னழுத்தத்தையும் செலுத்தினார். அடுத்த ஆண்டில் செங்கடலில் போட்ட கம்பியும் பல பகுதிகளில் கெட்டது. பெரும் பணம் நீரில் போனது. விசாரணைக் குழு ஒன்று அமைத்து, பொறியாளர்களையெல்லாம் அழைத்துக் கேட்டு, 1861ஆம் ஆண்டில் பெரியதோர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கம்பிவட இணைப்பு வேலை யாரோ ஒருவர் செய்துவிட்டுப் போகும் வேலை என்ற நிலை மாறி, தேர்ந்த கைவினையாயிற்று.

அந்த இணைப்பை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரு முனைகளிலும் செம்பைச் சரிவாக அரவிப் பொருத்தி, ஈயப்பற்று வைத்து, மெல்லிய செம்பு இழையால் சுற்றி மறுபடியும் பற்று வைப்பார்கள். பிறகு சட்டர்ட்டன் கலவை என்ற ஒட்டுப் பொருளைப் பூசுவார்கள். மூன்று பங்கு கெத்தா பெர்ச்சாவுக்கு ஒரு பங்கு பைன் மரத் தார், ஒரு பங்கு பிசின் சேர்த்த கலவை அது. அடுத்து, இரு பக்கமும் உள்ள கெத்தா பெர்ச்சாவை ஸ்பிரிட் விளக்கிலே மெல்லச் சூடாக்கி, விரலால் இழுத்து, இணைப்பின் நடுவிலே ஒன்றையொன்று சந்திக்கச் செய்வார்கள். அதன்மேல் மறுபடியும் கலவை, அதன்மேல் சூடான கெத்தா பெர்ச்சாத் தகடு, மறுபடியும் கலவை, மறுபடியும் தகடு. ஒவ்வொரு அடுக்கையும் விரலால் அழுத்தி அழுத்தி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் செய்ய வேண்டும். சூடு கூடினால் பொருள் கருகிப்போகும், குறைந்தால் ஒட்டாது. எல்லாவற்றிற்கும் மேலாக, கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஒரு துளி வியர்வை அடுக்குகளுக்கு நடுவிலே அகப்பட்டால், கடலே வேண்டியதில்லை. அந்தத் துளியே கம்பியைக் கெடுத்துவிடும்.

முடிந்த இணைப்பைத் தனியான நீர்த்தொட்டியிலே மூழ்க வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். எவ்வளவு கசிகிறது என்று நுண்ணிய கருவியால் அளந்து, குறையில்லாத கம்பியின் கசிவோடு ஒப்பிடுவார்கள். தேறாவிட்டால் வெட்டியெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கைவினையின் வலிமை 1866ஆம் ஆண்டில் உலகுக்குத் தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டில், ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற மாபெரும் கப்பல் அட்லாண்டிக்கில் ஆயிரம் மைலுக்கு மேல் கம்பி போட்டுச் செல்லும்போது கம்பி அறுந்து, இரண்டு மைல் ஆழத்தில் விழுந்துவிட்டது. 1866ஆம் ஆண்டு ஜூலையிலே அதே கப்பல் வேறொரு புதுக் கம்பியை வெற்றியாகப் போட்டு முடித்தது. பின்பு திரும்பி வந்து, கொக்கி போட்டுத் தேடி, ஓராண்டு கடலடியில் கிடந்த பழைய கம்பியின் முனையைத் தூக்கியது. சோதித்துப் பார்த்தபோது மறுமுனையில் அயர்லாந்திலிருந்து விடை வந்தது. கப்பல் தளத்திலேயே பழைய முனையையும் புதுக் கம்பியையும் இணைத்துக் கடலில் இறக்கிக் கரை சேர்த்தார்கள். ஓராண்டு மூழ்கிக் கிடந்தும் கெத்தா பெர்ச்சாவுக்கு ஒரு கேடும் வரவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 1870ஆம் ஆண்டிலே பம்பாய், ஏடன், சூயஸ் வழியாகக் கடலடிக் கம்பி வந்தது. அதைத் தொடர்ந்து சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி போட்டார்கள். 1871ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிங்கப்பூர் லண்டனோடு பேசியது. அதே ஆண்டில் சைகோன், ஹாங்காங், ஆஸ்திரேலியாவின் டார்வின் ஆகிய இடங்களுக்கும் கம்பி நீண்டது. நம் கடல் வெதுவெதுப்பானது, ஆழமில்லாதது. மரக்கலத்தைத் துளைக்கும் கடற்புழு கெத்தா பெர்ச்சாவையும் துளைத்தது. அதைத் தடுக்கப் பிற்காலத்தில் பித்தளை நாடாவைச் சுற்றினார்கள்.

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்த அதே கடலின் அடியிலேதான் அந்தக் கம்பி கிடந்தது. மேலே அவர்கள் நாள்கணக்கில் அலைந்து வந்தார்கள்; கீழே துரைமாரின் செய்தி நொடியில் போயிற்று. பின்னாளில் லண்டன் மிஞ்சிங் லேனில் ரப்பர் விலை ஏறியதையும் இறங்கியதையும் தோட்டத்து முதலாளிகள் உடனுக்குடன் தெரிந்துகொண்டது இத்தகைய கம்பிகளாலேதான். 1930ஆம் ஆண்டையொட்டி உலகச் சந்தையில் விலை விழுந்தபோது, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் வேலையிழந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை விழுந்த செய்தி தந்தியிலே வந்தது. வேலை போன செய்தி ஊருக்குக் கடிதத்திலே போயிற்று. சில வீடுகளில் கடிதத்திற்கு முன்னே ஆளே போய்ச் சேர்ந்திருப்பார்.

சரி, இத்தனை கம்பிக்கும் பால் எங்கிருந்து வந்தது? 1840களிலே, சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்தபடி ஜொகூரை ஆண்டவர் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம். காட்டிலிருந்து வரும் கெத்தா பெர்ச்சாவைத் தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து அவர் பெருஞ்செல்வரானார். எல்லாச் சரக்கும் அவர் கைக்கே போகிறது என்று சிங்கப்பூரின் ஐரோப்பிய வணிகர்கள் புகார் செய்யும் அளவுக்கு அந்த வாணிகம் வளர்ந்தது. இன்றைய ஜொகூர் அரச குடும்பத்தின் எழுச்சிக்கு இந்தப் பால் பணம் பெரிதும் துணை செய்தது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஜொகூர் தெமெங்கோங்கின் ஆட்சிக்கு வந்தது. கெசாங் ஆற்றுக்கும் மூவார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் மட்டும் சுல்தான் அலியிடம் இருந்தது. துணிக்கடைகளுக்குப் பேர்போன நம் தங்காக் அந்த இடைப்பட்ட நிலத்திலேதான் இருக்கிறது. 1877ஆம் ஆண்டில் சுல்தான் அலி மறைந்தபின் இப்பகுதியும் ஜொகூரோடு சேர்ந்தது.

காட்டுக்குள் போய்ப் பாலைக் கொண்டுவந்தவர்கள் ஜக்குன் மக்களும் மலாய்க்காரர்களும். இங்கேதான் நம் மனம் சற்று நிற்கிறது. பால்மரத்தை நாம் வெட்டுவது எப்படி? பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கை வைத்து, அடுத்த முறைக்கு மரத்தை விட்டுவைக்கிறோம். ஒரே மரம் இருபது, முப்பது ஆண்டு பால் தருகிறது. தாபான் மரத்துப் பாலோ அப்படி ஓடி வராது. பட்டைக்குள் உள்ள சிறு சிறு பைகளிலேயே தங்கிவிடும். ஆதலால் மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுகப் பட்டையிலே வளையம் வளையமாகக் கொத்தி, கசிவதைச் சுரண்டி எடுத்தார்கள். பெரும்பகுதிப் பால் பட்டையிலேயே தங்கி வீணாயிற்று. பல பத்தாண்டு வளர்ந்த ஒரு மரத்திற்குக் கிடைத்தது சில பவுண்டு சரக்குதான். அட்லாண்டிக் கம்பியின் ஒரு மைலுக்கு 261 பவுண்டு என்று சற்று முன்பு சொன்னோமே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு மைல் கம்பிக்கு ஒரு சிறு தோப்பு!

வாணிகம் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவிலே வெட்டத்தக்க தாபான் மரம் இல்லாமல் போயிற்று. பிறகு ஜொகூர், அதன்பின் தீபகற்பத்தின் மற்றப் பகுதிகள், சுமத்ரா, போர்னியோ என்று கோடரி நகர்ந்துகொண்டே போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டு மலாய் மாநிலங்களின் வன இலாகா இந்த மரத்தைக் காப்பதையே தன் முக்கிய வேலைகளில் ஒன்றாகக் கொண்டது. ஜாவாவிலே டச்சுக்காரர்கள் 1885ஆம் ஆண்டில் சிப்பெத்திர் என்னும் இடத்தில் தாபான் தோட்டமே போட்டார்கள். மரத்தைச் சாய்க்காமல் இலைகளைப் பறித்து, அரைத்து, அதிலிருந்தே கெத்தா பெர்ச்சாவைப் பிரித்தெடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த எண்ணம் வந்திருக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. காடு சும்மா கொடுக்கும்வரை யார்தான் தோட்டம் போடுவார்கள்?

1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பாலிதீன் என்ற செயற்கைப் பொருள் பிறந்தது. இன்று சாமான் வாங்கும் பையாக நாம் அறிந்த அதே பொருள்தான். 1956ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கில் போட்ட முதல் தொலைபேசிக் கம்பிவடத்திற்குப் பாலிதீன் காப்பே இருந்தது. கடலுக்குள் கெத்தா பெர்ச்சாவின் காலம் முடிந்தது. பல் மருத்துவர் பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைப்பதற்கு மட்டும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார். ஈரம் புகாமல் அடைக்கும் அதன் பழைய வேலை அங்கே தொடர்கிறது.

பொருள் மாறினாலும் இணைப்பின் இயல்பு மாறவில்லை. மண்ணுக்கடியில் போன மின்கம்பிவடங்களுக்கு எண்ணெய் தோய்த்த காகிதமும் மேலே ஈய உறையும் இருந்த காலத்தில், இணைப்பவர் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துச் சூடான எண்ணெயில் போட்டுப் பார்ப்பார். பொரியும் ஓசை கேட்டால் காகிதத்தில் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டியெறிய வேண்டும். கடுகு தாளிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சோதனையை விளக்க வேண்டியதில்லை. இக்காலத்தில் சூட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்களையும் பசைகளையும் கொண்டு இணைப்பை மூடுகிறார்கள். புதுவகைப் பாலிதீன் காப்புக்குள்ளும் ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து, பல ஆண்டுகளில், கிளை விட்ட நுண்ணிய பிளவுகளை உண்டாக்குகின்றன. கண்ணாடியில் பார்த்தால் மரம்போலவே தெரிவதால் அதற்கு ‘நீர் மரம்’ என்றே பெயர். ஆகவே மழையில் இணைப்பு வேலை செய்ய வேண்டி வந்தால், குழிக்கு மேலே கூடாரம் அடித்து, கையைத் துடைத்துக்கொண்டுதான் இன்றும் தொடங்குகிறார்கள்.

திருவிழா வயரைப் பற்றித் தொடக்கத்திலே சொன்னோம். வெறும் டேப் சுற்றிய இணைப்பு ஈரத்தைத் தடுக்காது. வெயில் பட்டு டேப் இளகியதும் உள்ளே நீர் புகுந்து தங்கிவிடும். வெளிப்புறத்தில் போடும் வயர் இணைப்பே இல்லாத முழு நீளமாக இருப்பது நல்லது. இணைப்பு தவிர்க்க முடியாததாயின் நீர் புகாத மூடிய பெட்டிக்குள், தரையிலிருந்து உயர்த்தி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு அமைக்க வேண்டும். மின்கசிவைக் கண்டதும் தானே துண்டிக்கும் கருவி அந்த வழியில் இருக்க வேண்டும். நனைந்த புல்லிலே வெறுங்காலோடு ஓடி விளையாடுவது நம் பிள்ளைகள்.

சில ஆண்டுகளாக இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளின் கடற்கரைகளில் பலகை போன்ற கட்டிகள் ஒதுங்கி வருகின்றன. அவற்றின்மேல் ‘சிப்பெத்திர்’ என்ற பெயர் அச்சாகத் தெரிகிறது. ஜாவாத் தோட்டத்து கெத்தா பெர்ச்சாதான். முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு ஜப்பானியக் கப்பலின் சரக்காக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நூறு ஆண்டு கடலில் கிடந்தும் எழுத்துகூட அழியவில்லை.